புதுசு மாதிரி ஆக்கித் தருகிறார்களாம்

அன்புள்ள ஐயா,

அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி ஜனதா வாட்ச் அலமாரியில் கிடந்தது. சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. டயல் மஞ்சள் தட்டி, ஆறு மணிப் பக்கம் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. கடைக்காரர் டயல், முள், கண்ணாடி எல்லாம் புதிதாகப் போட்டு, கேஸுக்கும் பாலிஷ் போட்டு ‘புதுசு மாதிரி’ தருகிறேன் என்கிறார். தை மாதம் மகன் கல்யாணம். அவன் கையில் கட்டிவிட ஆசை. மாற்றலாமா, பழையபடியே விடலாமா? விற்றால் என்ன விலை போகும் என்று மனைவி கேட்கிறாள். தினமும் சாவி கொடுக்கலாமா?

எம்., கரூர்

அன்புள்ள எம்.,

மகனுக்குக் கட்டிவிடப்போகிற வாட்சுக்கு விலை எதற்கு? உங்கள் வீட்டம்மாவிடம் நான் கேட்டதாகவே சொல்லுங்கள்.

கடைக்காரர் சொன்னதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. அவர்மேல் அல்ல. கொஞ்ச நாளாகவே இதை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் சிவன் கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி என்று கருவறைச் சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போனது வாஸ்தவம். கூடவே கல்லின் மேல்தோலும் போய்விட்டது. அடிச்சுவரில் ஓடிய கல்வெட்டு வரியை முன்பெல்லாம் சாய்வெயிலில் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். இப்போது தடவினால் அம்மைத் தழும்புதான். “பளிச்சுன்னு இருக்குல்ல சார்?” என்றார் திருப்பணிக் குழுவில் ஒருவர். அவரை மட்டும் சொல்லி என்ன? ஊரே கைதட்டியது. பழசாக இருப்பது நமக்கு ஏதோ மானக்கேடு. தேக்குக் கதவுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறோம். செத்துப்போன தாத்தாவின் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து கோட்டு மாட்டிவிடுகிறோம். அந்த மனுஷன் ஆயுசில் கோட்டைத் தொட்டிருக்க மாட்டார்.

சரி, வாட்சுக்கு வருகிறேன். தேய்கிற சாமான்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், கண்ணாடி கீறியிருந்தால் மாற்றுங்கள், வாரையும் மாற்றுங்கள். அவையெல்லாம் மாற்றுவதற்கென்றே செய்தவை. பெரும்பாலும் எண்ணெய் காய்ந்துதான் இப்படி நின்று நின்று போகும். கழற்றிக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். அதுவரை ஓட்டிப் பார்க்காதீர்கள். மணிக்கு 18,000 தடவை துடிக்கிற மெஷின். காய்ந்த எண்ணெயில் ஓடினால் சக்கரங்களின் அச்சுமுனை தேய்ந்துவிடும்.

டயலில் மட்டும் கைவைக்க விடாதீர்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி வாட்ச் தொழிலை மூடிவிட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. அதற்கப்புறமும் பழைய எச்.எம்.டி ‘புத்தம் புதுசாக’ இணையத்தில் குவிந்து கிடக்கிறதே, எப்படி? பழைய டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மேலே எழுத்தை அச்சடிக்கிறார்கள். கம்பெனி கனவிலும் போடாத ஆரஞ்சும் பச்சையும் வருகின்றன. லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘பாராஷாக்’ (அதிர்ச்சி தாங்கும் என்று அர்த்தம்) என்ற பொடி எழுத்து விளிம்பில் கசிந்திருக்கும், நிமிஷக் கோடுகள் முள்ளின் நுனிக்கு நேராக வராது. கடைக்காரர் ‘கம்பெனி டயல்’ என்றால் எங்கே அச்சடித்தது என்று கேளுங்கள்.

நீங்கள் டயலைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று ஒரு வரி இல்லை. அந்தக் கறுப்புப் புள்ளிகள் சாவி வழியாக ஈரம் இறங்கியதால் வந்திருக்கலாம். மழையோ வியர்வையோ, அவர் கையில் இருந்தபோது இறங்கியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மகனிடம் ‘இது உன் தாத்தா கட்டியது’ என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? மாப்பிள்ளைக்குப் பளபளப்பாகத்தான் வேண்டும் என்றால் புது வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது?

பாலிஷும் வேண்டாம். முலாம் பூசிய கேஸ் என்றால் உள்ளே இருக்கும் பித்தளை பல்லைக் காட்டும். எஃகு என்றால் விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும். துணியால் துடைத்தால் போதும்.

பின்மூடியைக் கழற்றும்போது பக்கத்திலேயே இருங்கள். மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறின மாதிரி தேதியோ எண்ணோ இருக்கலாம். சர்வீஸ் செய்கிறவர்கள் தங்கள் அடையாளத்துக்குக் கீறி வைப்பது. இருந்தால் அப்பா எப்போது கடைக்குக் கொண்டுபோனார் என்பது தெரிந்துவிடும். கடைக்காரர் அதையும் தேய்த்துவிடப் போகிறார், ஜாக்கிரதை. கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் ஆனபின் தினமும் சாவி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். காலையில் ஒரே நேரத்தில், முட்டும் வரை. முட்டிய பிறகு ஒரு சுற்றுகூடக் கூடாது. மகனுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள். பேட்டரி வாட்ச் கட்டிப் பழகிய பிள்ளைகள் திருகிக்கொண்டே இருப்பார்கள்.