மேலாக அள்ளிய ஒரு கை நெல்: கேள்வி-பதில்

வீட்டு மீட்டரில் ஈரப்பதம் 16 காட்டியது, கொள்முதல் நிலையத்தில் 19.5 என்கிறார்கள். எது சரி? (திருத்துறைப்பூண்டி)

என்ன மீட்டர், எத்தனை மணிக்குப் பார்த்தது, நெல் களத்திலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, ஒன்றையும் எழுதாமல் தீர்ப்பு மட்டும் கேட்கிறீர்கள். வெயில் சூட்டோடு போட்ட நெல்லும், பனி படிந்த காலை நெல்லும் மீட்டரை ஏமாற்றும். நிழலில் அரை மணி ஆறவிட்டு, மூன்று தடவை போட்டுச் சராசரி பாருங்கள். அதற்கும் முன்னால் மீட்டர் நெல்லுக்கு வைத்திருக்கிறதா, அரிசிக்கா என்று பாருங்கள். பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பல்லில் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வதை நம்பலாமா? (சீர்காழி)

காய்ந்ததா இல்லையா என்று தெரியும். 17-க்கும் 18-க்கும் வித்தியாசம் பல்லுக்குத் தெரியாது.

ஒரே அம்பாரம்தான். காலையில் எடுத்த மாதிரி தேறியது, மதியம் எடுத்தது தேறவில்லை. இது எப்படி? (மன்னார்குடி)

ஒரே அம்பாரம் என்றால் ஒரே நெல் என்று யார் சொன்னது? கொட்டும்போதே பதர் சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போய்விடும், கனத்த மணி நடுவில் தங்கும். மேல்தோல் வெயிலில் காயும், அடிநெல் தரை ஈரத்தை இழுக்கும். இதில் மேலாக ஒரு கை அள்ளி மீட்டரில் போட்டால், அந்த ஒரு கைக்குத்தான் அது கணக்கு. எத்தனை தடவை சொன்னாலும் அள்ளும் கை மாறவில்லை, எடுப்பவரும் சரி, கொடுப்பவரும் சரி. நல்ல நெல்லை மேலே பரப்பி வைக்கும் கெட்டிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. உச்சி, இடுப்பு, அடி என்று சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில், முழங்கை ஆழம் தோண்டி எடுங்கள். மூட்டையாக இருந்தால் பத்து வரை எல்லாவற்றிலும், நூறு வரை பத்து மூட்டையில், அதற்கு மேல் எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 400 மூட்டைக்கு 20. மூட்டையில் குத்தி நெல் எடுக்கும் குத்தூசியின் பள்ளம் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்வாகக் குத்தி, உள்ளே போனபின் திருப்பி இழுக்க வேண்டும். பள்ளம் மேலே பார்க்கக் குத்தினால் வாயோர நெல்லே நிரம்பிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கீறி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளுங்கள். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி கீறி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். ஈரத்துக்கான பங்கை உடனே மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். திறந்த தட்டில் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு மீட்டர் வைப்பவரை என்ன சொல்ல!

20 சதவீத ஈரத்தை 17-க்குக் கொண்டுவந்தால் 40 கிலோ சிப்பத்தில் 1.2 கிலோதானே குறையும்? (பாபநாசம்)

இல்லை, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 40 கிலோவில் உலர்ந்த சரக்கு 32 கிலோ. அதுவே 83 சதவீதமாக நிற்க, மொத்தம் 38.5 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும்.

கருக்காய் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். அளவு என்ன? (கும்பகோணம்)

முற்றாத, சுருங்கிய மணி 3 சதவீதம் வரை. பதர், வைக்கோல் துணுக்கு அந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்குத் தனியாக 1 சதவீதம். கல், மண்ணுக்கு இன்னொரு 1. நூறு கிராம் எடுத்துத் தட்டில் பிரித்து எடை போடுங்கள், கண்ணளவு வேண்டாம். கூடுதலாக வந்தால் தூற்றும் மெஷினில் காற்றைக் கூட்டி இன்னொரு ஓட்டு. அதற்குப் பின் மாதிரியும் புதிதாக எடுக்க வேண்டும், பழைய டப்பாவை நீட்டாதீர்கள்.

சன்னமா, பொது ரகமா என்று நாமே பார்க்க முடியுமா? (நன்னிலம்)

உமி நீக்கிய முழு அரிசி பத்தை நுனியோடு நுனி வைத்து நீளத்தை அளந்து பாருங்கள், பிறகு பக்கத்தோடு பக்கம் வைத்து அகலத்தை. நீளம் 55 மி.மீ., அகலம் 20 மி.மீ. என்று வந்தால், 55-ஐ 20-ஆல் வகுக்க 2.75. இரண்டரையும் அதற்கு மேலும் சன்னம். நொய்யை வைத்து அளந்துவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.