தண்ணீரில் விட்டது பிழையா?

அன்பின் ஐயா,

சென்ற கிழமை சோளகக் காற்று பலமாக அடித்த இரவில், வேலணையில் எங்கள் முற்றத்து வேம்பின் கீழ் ஒரு பறவை விழுந்து கிடந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் கத்தரிபோலப் பிளந்திருந்தது. நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிட்டது. கடற்பறவைதானே என்று பெரிய சட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் விட்டோம். நீந்தவில்லை, நனைந்து நடுங்கியது. விடியுமுன் இறந்துவிட்டது. மகன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரில் விட்டது பிழையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். தண்ணீரில் விட்டிருக்கக் கூடாது. ஆனால் அது உங்களால்தான் இறந்தது என்று நான் நினைக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் பேசாலைக் கரையில் இப்படி ஒதுங்கிய ஒன்றைக் கையில் எடுத்தேன். நெஞ்செலும்பு கத்தி முனைபோல விரலில் தட்டுப்பட்டது. சதையே இல்லை. காற்று அடித்துத் தரைக்குக் கொண்டுவரும் பறவை பெரும்பாலும் பட்டினியால் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளப்படி அது ஆலா இனம். ஆங்கிலத்தில் ‘சூட்டி டேர்ன்’, அதாவது புகைக்கரி படிந்த ஆலா. நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம்போல நீண்டிருந்தால் வேறோர் ஆலா என்றிருப்பேன், நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். நல்ல நிலையில் உள்ள பறவையே ஏறக்குறைய 200 கிராம்தான், ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் பாரம்கூட இல்லை. ஆனால் சிறகு விரித்தால் முக்கால் மீற்றருக்கும் மேல்.

கடற்பறவை என்றதும் நமக்கு நீந்துவதுதான் நினைவுக்கு வருகிறது. இது கடல்மேல் வாழ்கிறதே தவிர கடலில் இருப்பதில்லை. நீர் ஒட்டாமல் காக்கும் எண்ணெய்ப்பசை இதன் இறகில் போதாது. நீரில் இருந்தால் ஊறிவிடும். சூரை மீன்கள் கீழிருந்து விரட்ட மேலே துள்ளும் சிறுமீன்களைப் பறந்தபடியே கொத்தி எடுக்கும். “பறவை விழுகிற இடத்துக்கு வள்ளத்தை விடு” என்று என் தகப்பனார் சொன்னதன் பொருள் இதுதான். குஞ்சு பறக்கத் தொடங்கிக் கடலுக்குப் போனால், மூன்று வருடங்களுக்கும் மேல் தரை மிதிக்காது. அத்தனை காலமும் காற்றிலேயே கழியும்.

தரை தேவைப்படுவது முட்டைக்கு மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் ஒரே முட்டை, வெறும் மணலில். தலைமன்னாருக்கு அப்பால் இராமர் பாலத்து மணல் திட்டுகளில் இந்த ஆலாக்கள் முட்டையிடுகின்றன, சோளகக் காலத்தில்தான். உங்கள் முற்றத்தில் விழுந்தது அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அந்தத் திட்டில் ஒரு வள்ளம் இறங்கினாலே போதும், தாய் தந்தை கிளம்பிவிடும். முட்டை கொதிக்கும் வெயிலில் கிடக்கும். வேடிக்கை பார்க்கவென்று அங்கே இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அத்திலாந்திக் நடுவிலுள்ள அசென்சன் தீவில் நடந்ததை நினைத்துக்கொள்வேன். 1815இல் ஆங்கிலேயப் படை அங்கே குடியேறியது. எலிகளை ஒழிக்கக் கொண்டுவந்த பூனைகள் காட்டுப்பூனைகளாகி ஆலாக்களைத் தின்றன. பூனை இல்லாத தீவு என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது.

இனி ஒன்று விழுந்தால், காய்ந்த அட்டைப்பெட்டிக்குள் பழந்துணி விரித்து, காற்றுப் போகத் துளையிட்டு, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மகனிடம் கொடுங்கள்.