தடுப்பூசியை யார் வாங்குவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கொரோனா காலத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. 2020-ல் இ-பாஸ் கிடைக்காமல் பக்கத்து மாவட்டத்தில் நடந்த பெரியப்பாவின் காரியத்துக்குக்கூட எங்களால் போக முடியவில்லை. மாநிலத்துக்கு ஒரு விதி, மாவட்டத்துக்கு ஒரு விதி என்று இருந்தால் நோயை எப்படி அடக்குவது? இந்த மாதிரி நேரத்திலாவது எல்லா அதிகாரமும் டெல்லியில் இருப்பதுதானே நல்லது? மாநில உரிமையை நோய் போன பிறகு பேசிக்கொள்ளலாமே?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

பெரியப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது ஆறாத வருத்தம். அந்த இ-பாஸ் நம் மாநில அரசு போட்ட விதிதான், மறுக்கவில்லை. மாநிலங்களுக்குள் இப்படித் தடுக்காதீர்கள் என்று 2020 ஆகஸ்டில் மத்திய உள்துறைச் செயலாளர் கடிதம் எழுதிய பிறகுதான், அந்த மாதக் கடைசியோடு அது எடுக்கப்பட்டது.

ஆனால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து முடிவான நாட்களையும் நாம் பார்த்தோமே. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் நாடே பூட்டப்பட்டது. பொது சுகாதாரமும் மருத்துவமனையும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை, ஆனால் ஊரடங்கு வந்தது 2005-ம் வருடத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ். உங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த ஒடிசா, பீகார் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள், எப்படி ஊர் போவார்கள் என்று மாநிலங்களோடு கலந்து பேச அந்த நாலு மணி நேரத்தில் என்ன வழி இருந்தது? அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓட ஆரம்பித்ததே மே 1-ல்தான்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் மாநிலத்திடம் கொடுத்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை, அதற்கு 2021 மே மாதம் சாட்சி. அதுவரை மத்திய அரசே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த தடுப்பூசியில் பாதியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூன்றரைக் கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது, ஒரு கம்பெனிகூட வரவில்லை. மாடர்னா பஞ்சாபுக்கு நேரடியாக விற்க மாட்டோம், மத்திய அரசிடம்தான் பேசுவோம் என்றது.

இதில் எனக்கு மிகவும் வலித்தது அந்தக் கழகத்தின் பெயர். மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியாக மருந்து வாங்காமல் மாநிலம் மொத்தத்துக்கும் ஒரே இடத்தில் வாங்கினால் விலை குறையும், தரமும் இருக்கும் என்று 1994-ல் தொடங்கிக் காட்டியவர்கள் அவர்கள், ராஜஸ்தானும் கேரளமும் அதைப் பார்த்துத்தான் தங்களுக்கு ஒன்று அமைத்துக்கொண்டன. மொத்தமாக வாங்குவதன் அருமை தெரிந்தவர்களையே, அதே மருந்துக்காக மற்ற மாநிலங்களோடு முட்டி மோத விட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 2020-ல் முகக்கவசத்துக்கும் வென்டிலேட்டருக்கும் ஐம்பது மாநிலங்களும் ஒன்றுக்கொன்று ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிட்டன. மாசசூசெட்ஸ் வாங்கிய முப்பது லட்சம் முகக்கவசங்கள் நியூயார்க் துறைமுகத்திலேயே பறிபோக, அதன் ஆளுநர் ஒரு கால்பந்து அணியின் விமானத்தைச் சீனாவுக்கு அனுப்பி வேறு வாங்கிவர வேண்டியிருந்தது. கனடாவும் கூட்டாட்சிதான், அங்கேயும் மருத்துவம் மாகாணங்களின் கையில்தான். ஆனால் தடுப்பூசியை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தது மத்திய அரசு, போட்டது மாகாணங்கள்.

போடுகிற வேலை ஏன் கீழே இருக்க வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 2021 ஜூன் ஆரம்பத்தில் அம்மாவின் இரண்டாவது டோஸுக்காக எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நாள் நடந்தேன். கம்பிக் கதவில் கோடு போட்ட நோட்டுத்தாளில் ‘தடுப்பூசி இருப்பு இல்லை’ என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே கிராம சுகாதார செவிலியர் ஒரு நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருந்தார். யாருக்குச் சர்க்கரை, யார் மகன் வந்தால்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார், யார் ஊசி என்றாலே ஒளிந்துகொள்வார், எல்லாம் அதில் பென்சிலில் இருந்தது. “அம்மாவ இந்த வெயில்ல கூட்டிட்டு வராதீங்கண்ணா, மருந்து வந்ததும் நானே கூப்பிடறேன்” என்றார். கூப்பிட்டார், காலை ஏழரை மணிக்கு. அந்த நோட்டு டெல்லியில் எப்படி இருக்கும், க.? சென்னையில்கூட இருக்காது.

மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்ற அந்தக் கொள்கை கடைசியில் நீதிமன்றம் வரை போனது. பட்ஜெட்டில் தடுப்பூசிக்கென்று ஒதுக்கிய 35,000 கோடியை எப்படிச் செலவழித்தீர்கள், 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கும் ஏன் அதில் போடக்கூடாது என்று மே 31-ம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றம் கேட்டது. முதல் பார்வைக்கே இது தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்றும் சொன்னது. ஜூன் 7-ம் தேதி பிரதமர், மாநிலப் பங்கையும் சேர்த்து 75 சதவீதத்தை மத்திய அரசே வாங்கும் என்று அறிவித்தார். நடுவில் போன அந்த ஒன்றரை மாதம் இரண்டாம் அலையின் மிக மோசமான நாட்கள்.

நோய் போன பிறகு பேசலாம் என்கிறீர்கள். போய்விட்டது, பேசுவோம். வரி விகிதத்தை முடிவு செய்ய ஜிஎஸ்டி கவுன்சில் இருக்கிறது, அதில் மாநிலங்களுக்கு ஓட்டு உண்டு. அடுத்த நோய்க்கு மருந்து என்ன விலை, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு, ஊரடங்கு என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்ய மாநிலங்களுக்கு ஓட்டுள்ள அப்படி ஓர் அவையைச் சட்டம் போட்டு இப்போதே அமைக்க வேண்டும். நான் கேட்கிற மாநில உரிமை இவ்வளவுதான்.