உங்களால் மறக்கவே முடியாத இறுதிப் போட்டி எது?

1996 மார்ச் 17, லாகூர். இலங்கையும் அவுஸ்திரேலியாவும் மோதிய உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. அதை நான் பார்க்கவில்லை. மல்லாவியில், எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து கேட்டேன்.

போர் நடந்த காலம், வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை, எப்படியோ வந்து சேர்ந்தாலும் விலை கட்டாது. அதனால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை சோர்ந்தால் குரல் தேய்ந்துவிடும். அன்று அண்ணாவும் நானும் பக்கத்து வளவுப் பெடியங்களும் முறை வைத்துச் சுற்றினோம். வர்ணனை ஆங்கிலத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் வளவில் கொட்டில் போட்டிருந்த மாஸ்டர்தான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் போட்டி என்றால் எல்லோரும் அரவிந்த டி சில்வாவைத்தான் சொல்வார்கள். 3 விக்கெட், 2 பிடி, ஆட்டமிழக்காமல் 107. சரி, அதை யார் மறுப்பது? ஆனால் எனக்குப் பெரிது, அந்த அணியில் ஆடிய தமிழரான முத்தையா முரளிதரனின் 10 ஓவர்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மெல்பேணில் இதே அவுஸ்திரேலியாவோடு ஆடியபோது, பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை நோ போல் கொடுத்திருந்தார். அந்தப் பையன் லாகூரில் 31 ஓட்டம்தான் கொடுத்தார், வோர்னையும் வெளியே அனுப்பினார். இலங்கை அணியை ஆதரிக்க மனம் வராதவர்களும் முற்றத்தில் இருந்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் பட்டதற்கு அது நியாயம்தான். முரளி பந்து போட வந்தபோது அவர்களும் றேடியோவுக்குக் கிட்ட வந்து குந்தினார்கள். அந்த ஓவர்களுக்குப் பெடல் சுற்றத்தான் எங்களுக்குள் போட்டி.

இலக்கு 242. இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய எந்த அணியும் அதுவரை இறுதிப் போட்டியில் வென்றதில்லை என்று மாஸ்டர் சொல்லி வைத்திருந்தார். 23 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட் போனதும் ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள். குருசிங்க 65 எடுத்து நிமிர்த்தினார், பிறகு ரணதுங்க அரவிந்தவோடு கடைசிவரை நின்றார்.

மக்ராவின் பந்தை ரணதுங்க பின்பக்கம் தட்டிவிட்டு நான்கு ஓட்டம் எடுத்தார். மாஸ்டர் "வெண்டாச்சு" என்றதும் பெடல் சுற்றிக்கொண்டிருந்த அண்ணா கையை விட்டுத் துள்ளினார். றேடியோ நின்றுவிட்டது. கிண்ணம் கொடுத்ததை நாங்கள் கேட்கவேயில்லை.