தவறிய சேவலும் நழுவிய விராலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் சேலத்தில் ஆறு பேர். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. நான்கு பேர் தூண்டில்காரர்கள், இருவர் துப்பாக்கிக்காரர்கள், அதாவது கிளப்பில் காகித இலக்கைச் சுடுபவர்கள். ஞாயிறு காலை ஏற்காடு ஏறி ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் மதியம் வரை ஒருவரை ஒருவர் கேலி செய்வதுதான் வேலை. "புழுவைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்குறதுக்குப் பேரு விளையாட்டா?" என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள். "ஓடாத காகிதத்தைச் சுட்டுட்டு மீசை வேறயா?" என்று நாங்கள். இரண்டு மாதம் முன்பு ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வாங்கிய அவனுடைய தூண்டில் கோலை எல்லோரும் 'ஒட்டடைக் குச்சி' என்றே கூப்பிட்டோம். இப்போது அவன் வருவதில்லை. இனி கேலியே கூடாது என்று வாட்ஸப் குழுவில் விதி போடலாமா என யோசிக்கிறோம். சரிதானா?

இன்னொன்று. மண்புழுவை விட்டு ஃப்ளை ஃபிஷிங்குக்கு, அதாவது முள்ளில் இறகைப் பூச்சி போலக் கட்டி வீசும் தூண்டிலுக்கு, மாற நினைக்கிறேன். என்ன கோல் வாங்கலாம்? ஏற்காட்டில் ட்ரவுட் மீன் உண்டா? காட்டுச்சேவலின் கழுத்து இறகில் கட்டும் ஈதான் உலகத்திலேயே சிறந்தது என்று படித்தேன். அதைச் சொன்னதும் துப்பாக்கி நண்பர் ஒருவர், "எஸ்டேட் பக்கம் ஏர்கன்னோட ஒரு நடை போனா முடிஞ்சுது, ஒரு சேவல் போதுமே" என்றார். சிரித்தோம். கடைசியாக, இரண்டில் எது கடினமான கலை என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. என் தாய்மாமாவுடையது. அத்தை வீட்டை ஒழித்துக் கொடுத்தபோது "உனக்குத்தான் இதெல்லாம் புரியும்" என்று என் கையில் வைத்தார். உள்ளே மாமா கட்டிய பொய் ஈக்கள் 11 இருந்தன. ஃப்ளை என்ற சொல்லை மாமா பயன்படுத்த மாட்டார். அவருக்கு அது 'பொய் ஈ', அந்த வித்தை 'ஈத்தூண்டில்'. ஒரு வாரமாக அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுபவர். பன்றி வந்து தோட்டத்தைக் கிளறும் என்பதால் லைசென்ஸோடு ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதைத் துணியில் சுற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதை என் அம்மாவிடம் கொடுப்பார். மாமாவுக்கு அம்மாபேட்டையில் ஒரு ஜரிகைக் கடையில் வேலை. சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவார், கையில் வேட்டியில் சுற்றிய மூங்கில் கோலோடு. எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு துரை அப்பாவுக்குக் கொடுத்த கோல் அது. மூங்கிலை நீளவாக்கில் பட்டை பட்டையாகச் சீவி ஒட்டிச் செய்தது. அப்பா அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு மாலை எங்கள் திண்ணையில் நடந்ததும் உங்கள் டீக்கடையில் நடப்பதும் ஒன்றுதான்.

"மாப்ளே, இன்னைக்கு எத்தனை கொசுவுக்குச் சாப்பாடு போட்டே?"

"உங்க துப்பாக்கிச் சத்தத்துல என் மீனெல்லாம் செத்துப் போச்சு மச்சான். பயந்து இல்ல, சிரிச்சு."

இதைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு கதைகள் அந்தத் திண்ணையில் சாகாமல் இருந்தன. ஒன்று அப்பாவின் சேவல். எனக்கு எட்டு வயது இருக்கும்போது, விடியற்காலையில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பாதையில் ஒரு காட்டுச்சேவல் வந்து நின்றது. இருபது தப்படி இருக்கும். அப்பா குறி வைத்து விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சேஃப்டியை எடுக்க மறந்திருந்தார். சேவல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பறக்கக்கூட இல்லை, நடந்தே காப்பிச் செடிக்குள் போய்விட்டது. மாமா இதை முப்பது வருஷம் சொன்னார். "சேவல் திரும்பிப் பார்த்து, 'ரைட்டர் ஐயா, ஏதோ மறந்துட்டீங்க போலிருக்கே'ன்னு கேட்டுதாம்" என்பார்.

மற்றது மாமாவின் விரால். எஸ்டேட் குட்டையில் பொய் ஈயைக் கவ்விக்கொண்டு துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்து தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. அதன் நீளத்தை மாமா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். அப்பா எழுந்து வந்து அந்தக் கைகளைப் பிடித்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளுவார். வருஷத்துக்கு இரண்டு விரற்கடை. கடைசியில் அந்த விரால் ஒரு கெளுத்தி அளவுக்கு வந்துவிட்டது.

இரண்டு கதையிலும் யார் கையிலும் எதுவும் சிக்கவில்லை, கவனித்தீர்களா? அப்பா சுட்ட பறவைகள் உண்டு, குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். மாமா பிடித்த மீன்களும் உண்டு. அவற்றைப் பற்றி அந்தத் திண்ணையில் மறுநாள் பேச்சே இருக்காது. அப்பாவின் கடைசி வருஷத்தில், சேலம் வீட்டில், நான் கேட்டேன், மொத்தம் எத்தனை சுட்டிருப்பீர்கள் என்று. யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்தச் சேவலைப் பற்றி அவராகவே சொன்னார். சேவல் பேசிய வசனத்தையும் மாமாவின் குரலிலேயே சொன்னார். மாமா இறந்து அப்போது ஆறு வருஷம்.

இதனால்தான் உங்கள் விதியைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. கேலியை நிறுத்தப் போகிறீர்களா? அப்புறம் எதற்கு ஏற்காடு ஏறுகிறீர்கள்? அந்தப் பையன் கேலியால் போகவில்லை. நீங்கள் செய்தது கேலியே இல்லை, அவனிடம் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்து எல்லோர் முன்னும் சொன்னீர்கள். எங்கள் திண்ணையில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. தவறவிட்டதை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், கையில் வைத்திருப்பதைத் தொடக்கூடாது. அந்த மூங்கில் கோலை மாமாவால் தன் சம்பளத்தில் வாங்கியிருக்கவே முடியாது. அது தான் கொடுத்த கோல் என்று அப்பா ஒரு நாளும், விளையாட்டுக்குக்கூட, வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐம்பது வயதுக்காரர்கள் ஐந்து பேரும் நீங்களுமாகச் சேர்ந்து ஒரு பையனின் 600 ரூபாயைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். விதி போட வேண்டாம். அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள், நேரில் போங்கள்.

இனி காட்டுச்சேவல். நீங்கள் ஒரு வரியில் சிரித்துக் கடந்த விஷயம் இது. என்னால் கடக்க முடியவில்லை.

நீங்கள் படித்தது உண்மைதான். நம் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு உருகிச் சொட்டியது போல மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புள்ளி பளபளக்கும். அதைக் 'கண்' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஆறுகளில் சால்மன் மீன் பிடித்த கனவான்களுக்கு அந்தக் கண் வைத்த ஈ இல்லாமல் ஆகாது. நம் மலைகளின் பறவை தோலோடு கப்பல் ஏறியது. பின்னால் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று அவர்கள் அங்கேயே கூண்டில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள். இதில் என்னை உறுத்துவது இதுதான்: முட்டையிட ஆற்றில் ஏறி வரும் சால்மன் பொதுவாக இரையே எடுப்பதில்லை. எரிச்சலிலோ பழக்கத்திலோ கவ்வுகிறது என்பார்கள். அந்த இறகின் அழகெல்லாம் ஈயைக் கட்டியவரின் கண்ணுக்குத்தான். அதற்காக இத்தனை கழுத்து.

1972-ல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அப்பா பறவைகளைச் சுடவில்லை. காட்டுச்சேவலைக் கொல்வது இன்று சிறைக்கு அனுப்பும் குற்றம். உங்கள் நண்பர் அதைச் செய்ய மாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஆறு பேர் சிரித்தால் ஏழாவது நாள் ஒருவன் செய்துவிடுவான், ஏனென்றால் எல்லோரும் சம்மதித்தது போல அவனுக்குத் தோன்றும். அந்த இடத்தில் நீங்கள் ஒருவராவது சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். நண்பருக்குப் பறக்கிறதைச் சுட ஆசை இருந்தால் தட்டு சுடும் போட்டிக்குப் போகட்டும். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். அப்படிப்பட்ட விளையாட்டே மாறி, இன்று பறக்கிற தட்டைத்தான் சுடுகிறார்கள். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனது அந்தத் தட்டைச் சுட்டுத்தான். காகித இலக்கை நீங்களும் லேசாகப் பேசாதீர்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி.

மாமாவின் டப்பாவுக்கு வருகிறேன். 11 ஈக்களில் இரண்டில் மட்டும் காட்டுச்சேவல் கண் இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன் அப்பா கொடுத்த இறகு. பூச்சி அரித்து, இரண்டு மெழுகுத் துளிதான் மிச்சம். மற்ற ஒன்பதும் அத்தை வளர்த்த சேவலின் கழுத்து இறகு. உடம்புக்கு அம்மாபேட்டைப் பட்டு நூல், அதன்மேல் கடையில் வெட்டி எறிந்த ஜரிகைத் துண்டைச் சுற்றியிருக்கிறார். கண் வேண்டிய இடத்தில் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்திருக்கிறார். வாணியாற்றிலும் எஸ்டேட் குட்டையிலும் மாமா பிடித்ததில் பெரும்பாலும் இந்தப் பட்டு ஜரிகை ஈக்களில் விழுந்தவைதான். கல்லுக்கு அடியில் போன அந்த விரால் உட்பட. சேலத்தில் இருந்துகொண்டு, பட்டும் ஜரிகையும் கறிக்கடை வாசலில் சேவல் இறகும் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, நீங்கள் காட்டுக்குப் போய் இறகு தேடுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. புள்ளி போட்ட இறகு வேண்டுமென்றால் கின்னிக்கோழி வளர்ப்பவரிடம் கேளுங்கள், உதிர்ந்ததைச் சும்மாவே தருவார்.

கோலைப் பற்றிக் கேட்டீர்கள். 9 அடியில், 6-ஆம் எண் நூலுக்கு ஏற்ற சாதாரணக் கோல் போதும். மண்புழுத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துப் போகும். இதில் ஈக்கு எடையே கிடையாது, நூலின் எடைதான் ஈயைச் சுமந்து போகிறது. அதனால் பின்வீச்சில் நூல் முழுக்க நீளும் வரை பொறுக்க வேண்டும். முதல் மாதம் முள்ளே வேண்டாம், நுனியில் ஒரு சிவப்பு நூல் குஞ்சம் கட்டிப் புல்வெளியில் பழகுங்கள். ட்ரவுட் ஏற்காட்டில் இல்லை. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் வைத்து வளர்த்தார்கள். உங்களுக்கு விராலும் ஜிலேபியும் இருக்கின்றன. ஏரியில் போடலாமா என்று முதலில் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

எது கடினமான கலை என்ற தீர்ப்பு என்னிடம் இல்லை. குறுந்தொகையில் 54-ஆவது பாட்டைப் படியுங்கள். தினைப்புனக் காவலர் கவண் வீசுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கே மிரண்டு, வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை யானை விட்டுவிடுகிறது. மீனைக் கவ்வவிட்டுச் சுண்டிய தூண்டில் கோல் போல மூங்கில் விருட்டென்று மேலே நிமிர்கிறது. அந்த உவமையாலேயே பாடியவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர். கவணும் தூண்டிலும் ஐந்து அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. யானைக்கு ஒன்றும் ஆகவில்லை, போய்விட்டது. துப்பாக்கி நண்பருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் முகவரியை அனுப்புங்கள். மாமாவின் ஒன்பது ஈக்களில் ஒன்றை, ஜரிகை இன்னும் மங்காமல் இருக்கிற ஒன்றை, தபாலில் அனுப்புகிறேன். அது உங்களுக்கு இல்லை, அந்தப் பையனுக்கு. கொடுக்கும்போது இதுவரை அவனிடமிருந்து தப்பிப் போன மீன் எது என்று கேளுங்கள். கையை விரித்துக் காட்டுவான். அப்போது உங்கள் ஆறு பேரில் யாராவது எழுந்து போய் அவன் கையைப் பிடித்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளுங்கள்.