நீர்ப்பிரமியின் அடித்தண்டு கறுத்து அழுகினால்

ஈரநிலத்தில் படரும் மூலிகையான நீர்ப்பிரமியை, பாதிக்குப் பாதி சாணம் கலந்த மண்ணில் சட்டியில் நட்டு, ஓரடித் தண்ணீருக்குள் இறக்கி வைத்தேன், அடித்தண்டு அழுகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டியை இன்றே மேலே தூக்குங்கள். அடியில் செங்கல் அடுக்கி, மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடைத் தண்ணீர் மட்டும் நிற்கும்படி வையுங்கள்.

ஓரடி ஆழத்தில் வைத்தது மட்டும் காரணமல்ல. தெளிந்த நீரில் நீர்ப்பிரமி மூழ்கியும் வளரும். பாதிக்குப் பாதி சாணம் கலந்தேன் என்கிறீர்களே, சந்தேகம் அதன்மேல்தான். தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் சாணம் புளித்து வேரைக் கருக்கிவிடும்.

ஒரு குச்சியை மண்ணில் குத்திப் பாருங்கள். குமிழியோடு அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுவேதான்.

அப்படியானால் அந்த மண்ணைக் கொட்டிவிடுங்கள். களிமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, எரு எதுவும் வேண்டாம். பச்சையாக இருக்கும் நுனிகளை 10 செ.மீ. நீளத்துக்குக் கிள்ளி, கீழ் இரண்டு கணுவின் இலைகளை உருவிவிட்டு, சேற்றில் படுக்கவைத்துக் கூழாங்கல்லால் அமுக்குங்கள். கணுவில் நூல்போல வெள்ளை வேர் விடும். அதுவரை சேறு ஈரமாக இருந்தாலே போதும், மூழ்கடிக்காதீர்கள். வேர் பிடித்ததும் நல்ல வெயிலுக்கு மாற்றுங்கள், நிழலில் தண்டு நீண்டு மெலியும்.

சாக்கடையோரம் பறித்த கொடியென்றால் சமையலுக்கோ மருந்துக்கோ எடுக்காதீர்கள். இது கன உலோகங்களை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும் செடி.