பி.ஓ.டி. முடித்து தருமபுரியில் வேலை பார்க்கிறேன். எம்.ஓ.டி. படிப்பது பயன் தருமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆக்குபேஷனல் தெரபியில் (ஓ.டி.) இளநிலையான பி.ஓ.டி. முடித்து தருமபுரியில் ஒரு குழந்தைகள் தெரபி சென்டரில் வேலை. வீட்டில் மேலே, அதாவது முதுநிலையான எம்.ஓ.டி. படிக்கச் சொல்கிறார்கள். சம்பளம் ஏறுமா, எந்தப் பிரிவு எடுப்பது, எங்கே படிப்பது, வெளிநாடு போக உதவுமா என்று தெரிய வேண்டும். கூடவே பிசியோதெரபியில் இளநிலையான பி.பி.டி. படித்த தோழி எம்.ஓ.டி. சேர முடியுமா என்றும் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள்.

நான் ஓசூர்ப் பக்கம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோயோ விபத்தோ குறைபாடோ உள்ளவர்களை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குபவர். பி.ஓ.டி. முடித்ததும் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு எம்.ஓ.டி. போனேன், படித்து முடித்துத் திரும்ப இங்கேயே வந்துவிட்டேன். சென்னையிலோ கோவையிலோ பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர் வேறு மாதிரி சொல்லலாம். நான் நம் ஊர்க் கணக்கில்தான் பேசுகிறேன்.

சம்பளத்தை முதலில் பேசிவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் தெரபி சென்டர் நடத்துபவர்கள் பெரும்பாலும் செஷன் கணக்கில்தான் காசு கொடுக்கிறார்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் எம்.ஓ.டி. என்று இருந்தால் விசிட்டிங் கார்டு கொஞ்சம் கனமாகும், செஷன் ரேட் அவ்வளவாக அசையாது. அரசுப் பணியிலும் ஓ.டி. பணியிடங்கள் பிசியோ பணியிடங்களைவிடக் குறைவு. எம்.ஓ.டி. இல்லாமல் கதவே திறக்காத இடம் கல்லூரி ஆசிரியர் வேலைதான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு யூனிட்டைப் பொறுப்பேற்று நடத்தவும் அது கை கொடுக்கும். ஆக, சம்பளத்துக்காக மட்டும் என்றால் நான் 'போங்கள்' என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் வருமானம் இல்லை, மேலே ஃபீஸ், ஹாஸ்டல், தீசிஸ் செலவு. வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் எதற்குப் படிப்பது? இதற்கு நேராகப் பதில் சொல்வதைவிட, எனக்கு அது என்ன செய்தது என்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாலக்கோடு பக்கத்திலிருந்து பக்கவாதம் வந்த ஒரு அம்மா வருவார். வலது கை. அவருடைய பார்தெல் இண்டெக்ஸை நிரப்புவேன். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று பார்க்க 1965இல் வெளியான அளவுகோல், இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. அதில் சாப்பிடுவதற்கான மதிப்பெண் விளக்கத்தில் வெட்டுவதும் வெண்ணெய் தடவுவதும் இருக்கும். அந்த அம்மா வெண்ணெய் தடவி எதையும் சாப்பிட்டவர் இல்லை. ஸ்பூன் கொடுத்தால் இடது கையால் சமாளித்துவிடுவார், எனவே தாளில் நல்ல மதிப்பெண். ஆனால் அவர் வீட்டில் இரண்டு வேளை கேழ்வரகுக் களி. சூடான களியைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கீரைக் கடைசலில் தொட்டு வாயில் போட வேண்டும். அதை இடது கையால் செய்வதற்குக் கூச்சம். வேறு யாராவது ஊட்டினால் அதைவிடக் கூச்சம். கடைசியில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுவார். என் தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது சாப்பிடுவதுகூட இல்லை, களி கிண்டுவது. மருமகளுக்கு அது சரியாக வராது என்பது அவர் வாதம் (மருமகள் பக்கத்திலேயே நின்றிருப்பார்). களி கிண்டுவதை ஒரு ஓ.டி. கண்ணால் பாருங்கள். கொதிக்கிற சட்டி அசையாமல் இருக்க ஒரு கை. துடுப்பைப் பிடித்து மாவைக் கட்டி தட்டாமல் அழுத்திச் சுற்ற இன்னொரு கை. மாவு இறுக இறுக விசை கூட வேண்டும், தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும், நிற்கும் சமநிலை குலையக்கூடாது, ஆவி முகத்தில் அடிக்கும்போது கையை எடுக்கத் தெரிய வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு நாம் திரும்பக் கொண்டுவர நினைக்கிற அத்தனையும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிறது. எனக்கு அப்போது ஆர்வம் இருந்தது, முறை தெரியவில்லை. எந்தப் படியிலிருந்து தொடங்குவது, முன்னேற்றத்தை எப்படி அளப்பது, அளந்ததை இன்னொரு தெரபிஸ்ட் நம்பும்படி எப்படி எழுதுவது, இதையெல்லாம் எம்.ஓ.டி.யில்தான் கற்றேன். நோயாளியே தனக்கு முக்கியமான வேலைகளைச் சொல்லி, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடும் கனடாக்காரர்களின் சி.ஓ.பி.எம். என்ற அளவுகோலைப் பெயரளவில் தெரிந்து வைத்திருந்தேன். அதை வைத்து ஒருவரிடம் உட்கார்ந்து பேசப் பழகியது அங்கேதான்.

அதனால் என் ஆலோசனை: கொஞ்ச காலம் வேலை பார்த்து, 'இதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லையே' என்று குடையும் கேள்வி ஒன்று கையில் வந்த பிறகு போங்கள். அது இல்லாமல் நேராக பி.ஓ.டி.யிலிருந்து போகிறவர்கள் தீசிஸ் தலைப்புக்கு கைடு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சீனியர் செய்ததையே நோய் பெயரை மாற்றி இன்னொரு தடவை செய்வார்கள். எம்.ஓ.டி.யின் பாதி உயிர் தீசிஸில் இருக்கிறது. எதிக்ஸ் கமிட்டி, சாம்பிள், புள்ளியியல் என்று எப்படியும் உயிரை வாங்கும். சொந்தக் கேள்வியாக இருந்தால் அந்தப் பாட்டைத் தாங்கலாம்.

பிரிவு விஷயத்துக்கு வருவோம். நியூரோ, பீடியாட்ரிக்ஸ், மனநலம், எலும்பு-மூட்டு, கை மறுவாழ்வு என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயரும் எண்ணிக்கையும் மாறும். இப்போது எல்லோரும் பீடியாட்ரிக்ஸ் பக்கம் ஓடுகிறார்கள். ஆட்டிசம், சென்ஸரி இன்டக்ரேஷன் (புலன் உணர்வுகளை ஒருங்கிணைக்கும் பயிற்சி) என்றால் பெற்றோர் தேடி வருகிறார்கள், பெங்களூரும் பக்கம். தப்பில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே குழந்தைகளோடு வேலை பார்க்கிறீர்கள், அந்தக் கை பழகிவிடும். நம் மாவட்டங்களில் வேறு என்னென்ன கேஸ் இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

ஓசூர் சிப்காட்டில் பிரஸ் மெஷினில் விரல் போனவர்கள், தசைநாண் அறுந்து தைத்துக்கொண்டு வருபவர்கள். புளி உலுக்க மரமேறி விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள். தொப்பூர் கணவாயில் வண்டி மோதித் தலையில் அடிபட்டு, உயிர் தப்பி, பழைய ஆளாகத் திரும்பாதவர்கள். ஃபுளோரைடு தண்ணீர் குடித்து முதுகும் மூட்டும் இறுகிப்போன பெரியவர்கள் (ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013இல் வந்துவிட்டது, அதற்கு முன் குடித்தது எலும்பில் இருக்கிறது). இவர்களுக்கெல்லாம் ஓ.டி. என்று ஒருவர் இருப்பதே தெரியாது. வீடு தேடி மருத்துவம் வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவதால் அந்தப் பெயர் கிராமத்தில் பழகிவிட்டது. நம் பெயர் இன்னும் பழகவில்லை.

நான் கை மறுவாழ்வுப் பக்கம் போனதற்கு சிப்காட்தான் காரணம். விரல் மடக்கும் தசைநாணைத் தைத்து அனுப்பிய கைக்கு, சூடான தண்ணீரில் தெர்மோபிளாஸ்டிக் தகட்டை இளக வைத்து, புறங்கைப் பக்கம் ஸ்பிளிண்ட் (கையைத் தாங்கும் கட்டு) வடிப்பது பத்து நிமிட வேலை. மணிக்கட்டும் விரலடி மூட்டும் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், விரல் முழுசாக நீளக்கூடாது. அசைக்காமலே வைத்தால் நாண் சுற்றுத் திசுவோடு ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டு அசைத்தால் தையல் விட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முதல் ஆறு வாரம் நகர வேண்டும். பனியன் மாட்டத் தடையாக இருக்கிறது என்று ஸ்பிளிண்டைக் கழற்றி வைத்துவிட்டு வருபவரிடம் பேசுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். கனமான வேலைக்குத் திரும்ப மூன்று மாதத்தை ஒட்டி ஆகும் என்றால், 'அதுவரை சூப்பர்வைசர் விட மாட்டார் சார்' என்பார்கள். ஒரு கை வேலையாக எதைக் கொடுக்கலாம் என்று எழுதி அனுப்புவேன். சில கம்பெனிகளில் கேட்பார்கள்.

எங்கே படிப்பது என்பதற்கு: தமிழ்நாட்டில் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். இரண்டிலும் எம்.ஓ.டி. இருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் மணிப்பால். மத்திய அரசு நிறுவனங்கள் என்றால் ஒடிசாவில் கட்டாக் அருகே சுவாமி விவேகானந்தா நிறுவனம், கொல்கத்தாவில் என்.ஐ.எல்.டி., மும்பையில் ஹாஜி அலி அருகே ஏ.ஐ.ஐ.பி.எம்.ஆர். இவற்றில் நுழைவுத் தேர்வு உண்டு, இடம் குறைவு, ஆனால் தனியாரோடு ஒப்பிட்டால் ஃபீஸ் கையைக் கடிக்காது. இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் சமாளிக்கலாம். நம் எல்லைப் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கு, கன்னடம் தானாக வரும், இன்னொரு மொழி ஒன்றும் பெரிய பயம் இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இப்போது இரண்டாம் வருடம் படிப்பவர் ஒருவரைப் பிடித்து, காலையில் எத்தனை மணிக்கு வார்டுக்குப் போகிறாய், எத்தனை நோயாளியை நீயே பார்க்கிறாய், கைடு வாரம் ஒருமுறையாவது உட்காருகிறாரா, ஸ்டைபண்ட் உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் பி.ஜி. மாணவர்களை பி.ஓ.டி. வகுப்புக்குப் பாடம் எடுக்க விட்டுவிட்டு நோயாளியையே கண்ணில் காட்ட மாட்டார்கள். அப்புறம், பதிவு விஷயம். 2021இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டத்துக்குப் பிறகு நம் தொழிலும் அந்த ஆணையத்தின் கீழ் வந்துவிட்டது. நீங்கள் சேரும் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அதை வைத்துப் பதிவு செய்ய முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'எல்லாம் வந்துவிடும்' என்று அட்மிஷன் கவுண்டரில் சொல்வதை நம்ப வேண்டாம்.

வெளிநாடு. இங்கே எம்.ஓ.டி. முடித்தால் நேராக விசா என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கதவு. பிரிட்டனில் சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி.யில் பதிவு, அதற்கு பி.ஓ.டி.யை வைத்தே விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் வெளிநாட்டில் படித்தவருக்கு இளநிலைக்கு மேற்பட்ட பட்டம் வேண்டும், பிறகு ஓ.டி.களுக்குச் சான்று தரும் என்.பி.சி.ஓ.டி. வாரியத்தின் தகுதிச் சரிபார்ப்பு, தேர்வு, அதன் மேல் மாநில லைசென்ஸ். அங்கே போவதுதான் குறி என்றால் எம்.ஓ.டி. உண்மையிலேயே கணக்கில் வரும். எந்த நாடானாலும் உங்கள் பி.ஓ.டி. கல்லூரி உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றதா, 1,000 மணி நேரக் களப்பயிற்சிக்குக் கையெழுத்தோடு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கும் நிலை வரலாம். இன்டர்ன்ஷிப் லாக் புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள். பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

தோழிக்கு: பி.பி.டி. முடித்தவர் இந்தியாவில் எம்.ஓ.டி. சேர முடியாது. பி.ஓ.டி. கட்டாயம். சைக்காலஜி, நர்சிங் படித்தவர்களுக்கும் இதேதான். ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதுநிலையே இந்தத் தொழிலுக்குள் நுழையும் படிப்பாகவும் இருக்கிறது. அங்கே வேறு இளநிலை முடித்தவரும் சேரலாம். அமெரிக்கப் படிப்பில் உடற்கூறியல், உளவியல், புள்ளியியல் போன்ற முன்பாடங்கள் கேட்பார்கள், கடைசிக் களப்பயிற்சி மட்டும் குறைந்தது 24 வாரம். இரண்டு நாட்டிலும் ஃபீஸ் எக்கச்சக்கம். ஓ.டி. மேல் அவருக்கு அவ்வளவு பிடிப்பு இருந்து, வெளிநாட்டிலேயே தங்கும் எண்ணமும் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இல்லையென்றால் பிசியோ முதுநிலையான எம்.பி.டி.யில் நியூரோ எடுத்துவிட்டு உங்கள் சென்டருக்கே வரட்டும், ஒரே நோயாளியை இரண்டு பேரும் பார்க்கலாம்.